கைக்குட்டை போட்ட இடம்

வள்ளி எழுந்ததும் கருப்பசாமி பேன்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நான்காக மடித்து, அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் மேல் போட்டார்.

"நம்பர் போட்ட சீட்டுங்க இது," என்றாள் வள்ளி. "கோவில்பட்டி பஸ்ஸா, ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கதுக்கு?"

"டெல்லிக்காரன் நம்பரப் பாத்துட்டா உக்காருதான்? நீ டீ வாங்கப் போற நேரத்துல ஒருத்தன் வந்து உக்காந்து, 'அட்ஜஸ்ட் கரோ அங்கிள்'ம்பான். கைக்குட்டை கெடந்தா உக்கார மாட்டான்."

"ஏன், கைக்குட்டை கடிச்சிருமோ?"

"எவன் மூக்கு சிந்துன துணியோன்னு பயம்தான்."

அவள் சிரித்துக்கொண்டே படியேறினாள். பின்னாலிருந்து, "எனக்கு சீனி கம்மியா," என்றார். அவர் பேசி அவள் கேட்டதில் அதுதான் கடைசி.

கபடி லீக் மேட்ச். மகன் பிரதீப்பின் ஆபீசில் கிடைத்த பாஸ். முதல் பாதி முடிந்து இடைவேளை விட்டிருந்தார்கள். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து வந்ததிலிருந்தே கருப்பசாமி சின்னப் பையன் மாதிரி இருந்தார். அவர் டெல்லிக்கு வந்ததே கபடியால்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை கிடைத்து, இருபத்திரண்டு வயதில் ரயிலேறினவர். இடது கார்னர் ஆட்டக்காரர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் விட மாட்டார் என்று அந்தக் காலத்தில் பேர். பிடித்துப் பிடித்து வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. டிவியில் கபடி ஓடினால் சோபாவின் நுனியில்தான் உட்காருவார். கால் தானாக நகரும். வீட்டுக்கு வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான்.

டீக்கடை, அரங்கத்துக்கு வெளியே சுற்றிப் போகும் நடைபாதையில் இருந்தது. உள்ளே பெரிய திரையில் ஓடுவதையே கடைக்கு மேலே ஒரு டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் ஆட்டம் இல்லையே, அதனால் கூட்டத்தைக் காட்டினார்கள். ஒரு சர்தார் பையன் தோளைக் குலுக்கி ஆடினான். முகத்தில் புலி வரைந்த குழந்தை தன்னைத் திரையில் கண்டதும் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தது. ஒரே மாதிரி மீசை வைத்த இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் கேலி செய்தார்கள்.

வள்ளி டீயை வாங்கும்போது சுவர்களைத் தாண்டி ஒரு சிரிப்பு வந்தது. அரங்கம் முழுக்கச் சிரிக்கிற சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தாள்.

திரையில் கருப்பசாமி. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாடை நெஞ்சைத் தொட்டு, வாய் திறந்திருந்தது. தலைக்கு மேல் குஞ்சம் வைத்த தூக்கத் தொப்பி ஒன்றை வரைந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பன்றி உறுமுகிற மாதிரி ஒரு குறட்டை.

"தேக்கோ ஆன்ட்டி, சாச்சா ஸோ கயே," என்றான் டீக்காரன். சித்தப்பா தூங்கிவிட்டாராம்.

தூங்குகிற ஆளா அவர். அதுவும் கபடியில்.

டீயை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். வாசலில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். எல்லோருடைய முகமும் மேலே, திரையின் பக்கம். "வழி விடுங்க," என்று தமிழில் கத்தினாள். இந்தி மறந்துவிட்டிருந்தது. அவள் தள்ளியவர்கள் அவளையும் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே ஒதுங்கினார்கள். சீட்டுக்கு வந்து சேர்ந்தபோது திரை ஒரு புதுமணத் தம்பதிக்குப் போய்விட்டது. கூட்டம் அவர்களைப் பார்த்துக் கூவியது. அவர் நெற்றியில் கை வைத்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி யாராவது கவனிச்சிருந்தா," என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மீதியை வள்ளி பல மாதங்கள் மனதுக்குள் முடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை ஆயிரம் பேரும் திரையைத்தான் பார்த்தார்கள், சீட்டைத் திரும்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்படித்தான் அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையே அவளுக்குப் போதுமான கோபத்தைக் கொடுத்தது. மார்க்கெட்டில், மெட்ரோவில், எங்கே நாலு பேர் சேர்ந்து சிரித்தாலும் அவர்கள் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் என்று தோன்றியது. தமிழ்ப் பள்ளி நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். இப்போது காய்கறிக்காரனிடம்கூடக் குரல் உயர்ந்தது.

அடுத்த சீசன் தொடங்கிய சமயம். மெட்ரோவில் பக்கத்தில் நின்ற ஒரு பையன் போனைப் பார்த்துச் சிரித்தான். அவள் முதலில் அந்தக் குறட்டையைத்தான் அடையாளம் கண்டாள். பன்றி உறுமல். எட்டிப் பார்த்தாள். அதே தொப்பி, அதே சாய்ந்த தலை.

"பேட்டா, யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டாள்.

"ஸ்லீப்பர் சாச்சா, ஆன்ட்டி. ஹர் மேட்ச் மே திகாதே ஹை." ஒவ்வொரு மேட்சிலும் காட்டுகிறார்களாம். பாவம், நல்ல பையன். அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று போனைத் திருப்பிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

அன்று பிரதீப் வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்மா. போன சீசன் முடியறப்பவே தெரியும். நீ பாக்க வேண்டாம்னுதான்."

"நான் பாக்க வேண்டாம். ஊரு பாக்கலாம்?"

"அந்தத் திரைல படம் போடற கம்பெனிக்கு மெயில் போட்டேம்மா. மூணு தடவ போட்டேன். டிக்கெட் பின்னாடி எழுதியிருக்காம். உள்ள வந்தாலே படம் எடுக்கச் சம்மதம் குடுத்த மாதிரின்னு சொல்றாங்க."

"சாகுறதப் படம் எடுக்கவும் சம்மதமா?"

அவன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தான்.

"அந்தக் கம்பெனி எங்க இருக்கு?"

"ஓக்லால. நானும் வரேன். நாளான்னிக்கு லீவ் போடறேன்."

"நீ வர வேண்டாம். நீ வந்தா அவங்கட்ட இங்கிலீஷ்ல மன்னிப்புக் கேப்ப."

கம்பெனி ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. ஆட்டத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆட்டம் நடக்காத நேரத்தை நிரப்புவதுதான் அவர்கள் தொழில். கல்யாணம், கார் அறிமுகம், கபடி எல்லாம் செய்வார்கள். மேனேஜர் மல்ஹோத்ரா நாற்பது வயது மனிதர். அவளைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார், தண்ணீர் வரவழைத்தார், ஒரு பையை மேசைமேல் வைத்தார். பையில் அணியின் சட்டையும் தொப்பியும் இருந்தன. அவருக்குப் பக்கத்தில், காதில் சின்ன வளையம் போட்ட ஒரு பெண்.

"வணக்கம் ஆன்ட்டி. நான் ஸ்ம்ருதி. தமிழ்தான், லக்ஷ்மிபாய் நகர்ல வளந்தேன். பேசறது கொஞ்சம் டூட்டி ஃபூட்டியா, ஒடஞ்சு ஒடஞ்சு இருக்கும்."

"புரியுற மாதிரி இருந்தாப் போதும்," என்றாள் வள்ளி.

மல்ஹோத்ரா இந்தியில் நிறையப் பேசினார். தங்களுக்கு எதுவும் தெரியாதென்றார். இறந்துபோனார் என்று தெரியாமலே கிளிப் நன்றாகப் போகிறது என்று போட்டுவிட்டார்களாம். பிரதீப் மூன்று முறை எழுதியதை வள்ளி சொன்னபோது, அது வேறு டிபார்ட்மென்ட் என்றார். பிறகு முகம் மலர்ந்து ஒரு யோசனை சொன்னார். அடுத்த மேட்சில் ஒரு அஞ்சலி. திரையில் அவர் போட்டோ, பின்னால் மெல்லிய பியானோ. அதன்பிறகு கேமரா மேடத்தின் மேல் வரும். எல்லோரும் எழுந்து போன் விளக்கை உயர்த்திப் பிடிப்பார்கள். "பஹுத் இமோஷனல் ஹோகா." ரொம்ப உருக்கமாக இருக்குமாம்.

ஸ்ம்ருதி மொழிபெயர்க்க வாயெடுத்தாள்.

"எனக்கு இந்தி புரியும்," என்றாள் வள்ளி. "அவரக் காட்டிச் சிரிக்க வச்சாச்சு. இப்ப என்னையக் காட்டி அழவைக்கணுமா? இடைவேள அவ்வளவு நீளமா இருக்கோ?"

ஸ்ம்ருதி அதை மொழிபெயர்க்கவில்லை.

"அந்தப் படத்த எனக்குக் காட்டுங்க. வெட்டாம, முழுசா."

அதற்கு அனுமதியில்லை என்றார் மல்ஹோத்ரா. பாலிசி. வள்ளி உட்கார்ந்தே இருந்தாள். அவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு போன் வந்தது, "ஏக் மினிட்" என்று வெளியே போனார். ஸ்ம்ருதி எழுந்து கதவைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"சார் வர்றதுக்குள்ள பாத்துடுங்கோ ஆன்ட்டி."

படம் தயாராவதற்குள் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சை நிறுத்தினால் என்ன கேள்வி வருமோ என்ற பயம் அதில் இருந்தது. ஜனங்கள் வந்து உட்காரும்போதே தங்கள் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார்களாம். யார் ஆடுவார்கள், எந்தக் குழந்தை அழகு, யார் கோமாளி வேஷத்தில் வந்திருக்கிறார் என்று சீட் நம்பரோடு மேலே சொல்லிவிடுவார்களாம். மேலே கண்ணாடி அறையில் ஸ்ம்ருதி உட்கார்ந்து கேமராக்காரர்கள் காதில் பேசுவாள். எது திரைக்குப் போகிறது என்று அவள்தான் முடிவு செய்வாள். திரை கொஞ்ச நேரம் காலியாக இருந்தாலும் ஜனங்கள் போனை எடுத்துவிடுவார்கள். போனை எடுத்துவிட்டால் அவர்களை மறுபடி பிடிப்பது கஷ்டம்.

"ஆடறவா எப்பவும் கெடைப்பா. ஸ்லீப்பர் கெடைக்கறது லக். நாம வெயிட் பண்ணுவோம், அவாளே முழிச்சிண்டு ஸ்க்ரீனைப் பாத்து ஷாக் ஆவா பாருங்கோ, அதுதான் ஜோக். அன்னிக்கு அங்கிள் முழிச்சிக்கல. க்ரவுட் ரொம்ப சிரிச்சது. அதனால ஸ்க்ரீன்லயே ஹோல்ட் பண்ணிட்டோம்."

"அங்கிள்னு சொல்லாத," என்றாள் வள்ளி.

படம் ஓடியது. தொப்பியும் குறட்டையும் இல்லாத படம். சத்தமே இல்லை. முதலில் அவர் நிமிர்ந்துதான் இருந்தார். இடது கையால் நெஞ்சைத் தேய்த்தார். திரும்பி, அவள் போன படியைப் பார்த்தார். வாய் அசைந்தது. பிறகு மெல்லச் சாய்ந்தார். கேமரா அவரை நோக்கி நெருங்கியது. பின்வரிசைப் பையன்கள் தாங்களும் திரையில் தெரிவதைக் கண்டு எழுந்து அவர் தலைக்குப் பின்னால் கையாட்டினார்கள், நாக்கைத் துருத்தினார்கள்.

அப்போது பின்வரிசை ஓரத்திலிருந்து ஒரு பெண் முன்னால் குனிந்தாள். ஐம்பது வயதிருக்கும். மெரூன் ஸ்வெட்டர். அவள் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. கருப்பசாமியின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். முகம் சுருங்கியது. கையை நீட்டினாள். தோளுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

படிக்கட்டின் ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்து, உதட்டின் மேல் விரலை வைத்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். திரையைக் காட்டினான். அந்தப் பெண் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், அசடு வழியச் சிரித்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

"நிறுத்து," என்றாள் வள்ளி.

படம் நின்றது.

"அவன் யாரு?"

"எங்க ஃப்ளோர் டீம் ஆன்ட்டி. பக்கத்துல இருக்கறவா தட்டி எழுப்பிட்டா ஜோக் போயிடும். அதுக்காக ஒருத்தர் நிப்பார். அது ரூல்."

"ரூலுக்கு வாய் இருக்கா? அவன்ட்ட அப்பச் சொன்னது யாரு?"

ஸ்ம்ருதி காது வளையத்தைத் தொட்டுக்கொண்டாள். "நான்தான். அந்த லேடிய ஸ்க்ரீன்ல பாத்தேன். எழுப்ப விடாதேன்னு சொன்னேன்." அவள் கண் நிறைந்தது. "எனக்குத் தெரியாது ஆன்ட்டி. சச்சீ, நெஜமா எனக்கு…"

"அழாத. நீ அழுதா நான் உன்னத் தேத்தணும். அதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல."

ஒரு வருஷமாக யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள். ஒருத்தி பார்த்திருக்கிறாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தி, அவ்வளவு கூச்சலுக்கு நடுவில், ஒரு மனிதன் தூங்குகிற முகம் இப்படி இருக்காதே என்று கண்டுபிடித்திருக்கிறாள். அந்தக் கையைச் சிரித்தபடி திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து. வள்ளிக்கு அந்த லேப்டாப்பை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அவள் அடிக்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த படத்தைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் காலி சீட்டு. அதன் மேல் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை.

மல்ஹோத்ரா திரும்பி வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். இந்தியில், தப்பும் தவறுமாக ஆனால் தடுமாறாமல் சொன்னாள். அந்த கிளிப் இனி ஓடக்கூடாது. தூங்குகிற மாதிரி யார் தெரிந்தாலும் பக்கத்தில் இருப்பவர் தொடுவதைத் தடுக்கக்கூடாது. அந்த விரல் இருக்கக்கூடாது.

கிளிப்பை அன்றே எடுத்துவிடுவதாக மல்ஹோத்ரா சொன்னார். மற்றபடி, டீமுக்கு எடுத்துச் சொல்லி அவர்களை சென்சிடிவ் ஆக்குவதாகச் சொன்னார். லிஃப்ட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லிஃப்ட் கதவு மூடும்போதும் பை அவர் கையிலேயே இருந்தது.

பிரதீப்பிடம் இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள். அவன் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து, தயங்கித் தயங்கி, "அங்க என்னால வர முடியாதும்மா," என்றான்.

"உன்னை யாரு கூப்பிட்டா? இன்னொரு சீட்டுக்கு ஆள் இருக்கு."

அவன் பயந்துபோய் அவளைப் பார்த்தான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நீலக் கட்டக் கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்துப் பக்கத்து சீட்டில் போட்டாள். அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் யாரோ அவரோடு சேர்த்து வைத்ததை, ஆஸ்பத்திரியில் அவருடைய செருப்பு, வாட்ச்சுடன் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். துவைத்து வைத்திருந்தாள். ஆட்டத்தில் ஒரு இடது கார்னர் பையன் கணுக்காலை நன்றாகப் பிடித்தான். கொஞ்சம் அவசரம். அவர் இருந்தால் அவனைத் திட்டியிருப்பார்.

இடைவேளை வந்தது. ஆடுகிறவர்கள் வந்தார்கள். குழந்தை வந்தது. வள்ளி காத்திருந்தாள். கருப்பசாமி வரவில்லை. சொன்னபடி எடுத்துவிட்டார்கள்.

பிறகு அந்தக் குறட்டை கேட்டது.

திரையில் வேறொருவன். கம்பளித் தொப்பி போட்ட பருத்த ஆள், தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து. அவள் இருந்த பகுதியிலேயே கீழ்வரிசை. அரங்கம் சிரித்தது. படிக்கட்டில் ஆரஞ்சுச் சட்டை. உதட்டின் மேல் விரல்.

வள்ளி எழுந்தாள். முழங்கால் வலிக்க, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். ஆரஞ்சுச் சட்டைக்காரன் அவளைப் பார்த்ததும் சிரித்து, அவளுக்கும் விரலைக் காட்டினான். "ப்ளீஸ் ஆன்ட்டி, ஏக் மினிட்."

அவள் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள். விட்டுவிட்டு அவனைத் தாண்டிப் போய், தூங்குகிறவனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

அவன் திடுக்கிட்டு விழித்தான். கண் சிவந்திருந்தது. "க்யா ஹுவா? கௌன் ஹோ ஆப்?" என்ன ஆச்சு, நீங்கள் யார் என்றான்.

"குச் நஹீ," என்றாள் வள்ளி. "ஸோ ஜாவோ." ஒன்றுமில்லை, தூங்கு.

அரங்கம் ஊளையிட்டது. ஒலிபெருக்கிக்காரன், ஆன்ட்டி எல்லார் சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டார் என்று இந்தியில் அறிவித்தான். திரையில் நரைத்த கொண்டையும் வியர்த்த முகமுமாகத் தான் நிற்பதை அவள் ஒரு முறை பார்த்தாள். மேலே எங்கோ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் காதைத் தொட்டுக்கொண்டிருப்பாள். திரை உடனே மாறி ஒரு குளிர்பான விளம்பரத்துக்குப் போனது.

"அடுத்த மேட்சுக்கும் வருவேன்," என்று ஆரஞ்சுச் சட்டைக்காரனிடம் தமிழில் சொன்னாள். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

படியேறி வரிசைக்கு வந்தபோது இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. அவளுடைய சீட்டில் ஒரு இளைஞன் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டு இடத்தைவிட்டு அசையாமலே புன்னகை செய்தான்.

"அட்ஜஸ்ட் கரோ ஆன்ட்டி."

படியெல்லாம் ஆட்கள் நின்றார்கள். அந்த வரிசையில் வேறு இடமே இல்லை. கைக்குட்டை போட்ட சீட்டு மட்டும் காலியாக இருந்தது.